வென்டிலேட்டரும் விறகு வெட்டும் சத்தமும்: யூத சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள். யூதர் இல்லை, எபிரேயம் தெரியாது. மதச் சட்டங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். யூத சட்டம், யூத வரலாறு, மூளைச்சாவு போன்ற இன்றைய அறக் கேள்விகள் ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் படிப்பது, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "யூத மதம் மூளைச்சாவைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினால் ஆளுக்கொரு பதில் வருகிறது, இதில் எது சரி?" உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அது பிடிபடாமல் எந்தப் புத்தகப் பட்டியல் கொடுத்தாலும் அலமாரியில்தான் தூங்கும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குடும்பச் சட்டமும் ஒப்பீட்டுச் சட்டமும் நடத்திய ஆசிரியன். அந்த வழியாகத்தான் யூத சட்டத்துக்குள் போனேன். நான் ரபி, அதாவது யூத மதச் சட்ட அறிஞர், இல்லை. இங்கே சொல்வது எதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எபிரேயத்தை அகராதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். தல்மூத் என்ற விவாதத் தொகுப்பின் அரமேய மொழிக்கு மொழிபெயர்ப்பின் துணை வேண்டும். அந்த அளவுக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது எங்கும் கிடைக்கும். மோசேயின் ஐந்து ஆகமங்கள் தோரா. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு, பலியும் ஆலயமும் இல்லாத வாழ்க்கைக்குச் சட்டம் தேவைப்பட்டது. ஏறத்தாழ 200இல் யூதா ஹ-நாசி என்பவர் அதுவரை வாய்மொழியாக வந்த சட்டங்களை மிஷ்னாவாகத் தொகுத்தார்: 6 பிரிவுகள், 63 பகுதிகள். அந்த மிஷ்னாவை வைத்துக்கொண்டு கலிலேயாவில் ஒரு கூட்டமும் பாபிலோனில், அதாவது இன்றைய ஈராக்கில், இன்னொரு கூட்டமும் தலைமுறை தலைமுறையாக விவாதித்ததுதான் இரண்டு தல்மூத்கள். பாபிலோன் தல்மூதுக்கே மதிப்பு அதிகம். பிறகு வந்தவர்கள் அந்தக் கடலிலிருந்து முடிவுகளை மட்டும் வடித்தெடுக்க முயன்றார்கள். மைமோனிடிஸ் என்ற அறிஞர் 12ஆம் நூற்றாண்டில் 14 புத்தகங்களாக எழுதினார். சஃபேத் ஊரில் இருந்த யோசேப்பு காரோவின் 'ஷுல்ஹான் ஆருக்' என்ற சட்டத் தொகுப்பு 1565இல் வெனிசில் அச்சானது. காரோ ஸ்பெயின் வழி வந்த யூதர்களின் வழக்கத்தை ஒட்டி எழுதியதால், போலந்தின் கிராக்கோவில் இருந்த மோசே இஸர்லெஸ் தங்கள் பக்கத்து வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். இன்றும் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகின்றன. ஒருவர் "கூடாது" என்பார், அடுத்த வரியிலேயே இன்னொருவர் "எங்கள் ஊரில் செய்வதுண்டு" என்பார்.

இதில் ஆண்டுகளும் பெயர்களும் உறுதி. உறுதியில்லாதவையும் உண்டு. மிஷ்னா முதலில் எழுத்தில் வந்ததா, மனப்பாடமாகவே வெகுகாலம் ஓடியதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. பாபிலோன் தல்மூத் இப்போதுள்ள வடிவத்தை எப்போது அடைந்தது என்பதும் அப்படியே. தல்மூதில் ஒரு 2ஆம் நூற்றாண்டு ரபியின் வாயில் வரும் வாக்கியத்தை அவரே சொன்னாரா என்றால் பல இடங்களில் நிரூபிக்க முடியாது. ஆகவே கட்டுரையில் "இவர் சொன்னார்" என்று எழுதாதீர்கள். "இவர் சொன்னதாகத் தல்மூத் கூறுகிறது" என்று எழுதுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருவோம். ஒரே ஒரு கேள்வியை அடியிலிருந்து நுனிவரை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும். சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து எடுக்கலாமா என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிஷ்னாவில் ஓய்வுநாள், அதாவது வேலை செய்யக் கூடாத சனிக்கிழமை, பற்றிய பகுதியில் ஒரு வரி வருகிறது: உயிர் பிரிந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் கண்ணை மூடிவிடுகிறவன் இரத்தம் சிந்துகிறவன், அதாவது கொலைகாரன். அணையப்போகும் விளக்கில் விரல் வைப்பதைப் போல என்று தல்மூத் விளக்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஷுல்ஹான் ஆருக்கின் 'யோரே தேயா' பிரிவில் 339ஆம் பகுதியில் காரோ இதை விரித்து எழுதுகிறார்: சாகக் கிடப்பவரின் தலையணையை உருவக் கூடாது. சில பறவைகளின் இறகு அடைத்த தலையணை உயிர் பிரிவதைத் தாமதப்படுத்தும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்; பாவம் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று யாரோ உருவியிருக்கிறார்கள். அதே இடத்தில் இஸர்லெஸ் ஒரு குறிப்புச் சேர்க்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறான், அந்தச் சத்தத்தால் உயிர் பிரியாமல் நிற்கிறது என்றால் வெட்டுவதை நிறுத்தலாம். நாக்கில் உப்பு இருந்து அதனால் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் உப்பை எடுக்கலாம். அது மரணத்தை விரைவுபடுத்தும் செயல் ஆகாது, தடையை நீக்குவது மட்டும்தான் என்பது அவர் வாதம்.

வென்டிலேட்டர் இதில் எது? தலையணையா, விறகு வெட்டும் சத்தமா? 20ஆம் நூற்றாண்டின் பெரிய ரபிகள் பலரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள். தலையணை என்றால் தொடக் கூடாது. சத்தம் என்றால் நிறுத்தலாம். எருசலேமின் ஷாரே ட்ஸெதெக் மருத்துவமனை மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்த எலியேசர் வால்டன்பெர்க் ஒரு நடுவழி சொன்னார். மதச் சட்டத்தைக் கடைப்பிடிக்கும் யூத வீடுகளில் ஓய்வுநாளன்று விளக்கைக் கையால் அணைக்க மாட்டார்கள். முன்கூட்டியே டைமர் வைத்துவிடுவார்கள். அதே மாதிரி வென்டிலேட்டருக்கும் டைமர் வைத்தால், அது தானாக நிற்கும்போது நோயாளியைப் பரிசோதித்து, மறுபடி ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். யாரும் எதையும் நிறுத்தவில்லை, மறுபடி தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டால் சாமர்த்தியமான சாக்கு மாதிரி இருக்கும். ஆனால் அது நாட்டின் சட்டமாகவே வந்தது. மருத்துவரான ஆப்ரஹாம் ஸ்டெய்ன்பெர்க் தலைமையில் ஒரு குழு கூடி, இஸ்ரேல் நாடாளுமன்றம் 2005இல் இறக்கும் நோயாளிச் சட்டத்தை நிறைவேற்றியது. சிகிச்சை கொடுத்தும் ஆறு மாதத்துக்கு மேல் வாழ வாய்ப்பில்லாதவரை அது அப்படி வரையறுக்கிறது. தொடர்ந்து ஓடும் சிகிச்சையை நடுவில் நிறுத்த அனுமதி இல்லை. டயாலிசிஸ் மாதிரி சுற்றுச் சுற்றாக வரும் சிகிச்சையை அடுத்த சுற்றுக்குத் தொடங்காமல் விடலாம். வென்டிலேட்டரில் டைமர் பொருத்தி முதல் வகையை இரண்டாவது வகையாக மாற்ற வழியும் வைத்திருக்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2018இல் காமன் காஸ் வழக்கில் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதையும், தொடங்கியதை விலக்கிக்கொள்வதையும் ஒரே கூரையின்கீழ் அனுமதித்தது நினைவிருக்கும். யூத சட்டத்துக்கு அந்த இரண்டுக்கும் இடையில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. உங்கள் கட்டுரைக்கு இந்த ஓர் ஒப்பீடே போதும் என்பேன்.

மூளைச்சாவுக் கதை இதைவிடச் சிக்கல். ஓய்வுநாளில் கட்டடம் இடிந்து ஒருவர் மேல் விழுந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாரா என்று சந்தேகம் இருந்தாலே ஓய்வுநாளை மீறித் தோண்டலாம் என்கிறது மிஷ்னா. எதுவரை தோண்டிப் பார்ப்பது? தல்மூதின் 'யோமா' பகுதியில், 85ஆம் தாளில், மூக்கு வரை என்று ஒரு கருத்தும் இதயம் வரை என்று ஒரு கருத்தும் வருகின்றன. மூக்குதான் அளவுகோல், அதாவது மூச்சுதான் உயிர் என்று எடுத்துக்கொண்டால், மூளைத்தண்டு செத்துத் தானாக மூச்சுவிடும் ஆற்றல் மீளாமல் போனவர் இறந்தவர். இதயத் துடிப்பு இருக்கும்வரை உயிர் உண்டு என்றால் அவர் உயிரோடு இருக்கிறார். மாற்றுச் சிகிச்சைக்காக அவர் இதயத்தை எடுப்பது கொலை.

இந்த விவாதத்துக்குள் ஒரு கோழியும் வந்து சேர்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு பெண் சமையலுக்குக் கோழியை அறுத்துப் பிளந்து பார்த்தால் உள்ளே இதயமே இல்லை. பக்கத்தில் பூனை உட்கார்ந்திருந்தது. சாப்பிடலாமா என்ற கேள்வி ட்ஸ்வி அஷ்கெனாசியிடம் போனது. இதயம் இல்லாமல் எந்த உயிரும் வாழ முடியாது, இந்தக் கோழியோ வாழ்ந்திருக்கிறது, ஆகவே இதயம் இருந்திருக்க வேண்டும், எங்கோ விழுந்து பூனை தின்றிருக்கும், கோழியைச் சாப்பிடலாம் என்று அவர் முடிவு சொன்னார். யோனத்தான் ஐபெஷுட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். இன்று இதயமே உயிரின் இருப்பிடம் என்று வாதிடுகிறவர்கள் அஷ்கெனாசியின் அந்தப் பதிலை மேற்கோள் காட்டுகிறார்கள். கோழிக்குச் சொன்னது மனித இதய மாற்றுச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று நீங்கள் சிரிக்கலாம். நம் நீதிமன்றங்களில் முன்தீர்ப்பு மேற்கோள் காட்டுவதும் சில நேரம் இப்படித்தான் இருக்கும்!

விளைவு என்ன? இஸ்ரேலின் தலைமை ரபி அமைப்பு 1986இல் நிபந்தனைகளோடு மூளைத்தண்டுச் சாவை ஏற்றது. 2008இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய ரபிகளில் இருவரான ஷ்லோமோ ஸல்மான் அவெர்பாக்கும் யோசேஃப் ஷாலோம் எலியாஷிவும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் எல்லோரும் தலைவணங்கிய மோசே ஃபைன்ஸ்டைன் ஏற்றாரா என்பதிலேயே சண்டை. அவர் எழுதியவற்றை இரு தரப்பும் தத்தம் பக்கம் படிக்கின்றன. ஏற்றார் என்று வலுவாக வாதிட்டவர் அவர் மருமகன். ஆகவே "எது சரி" என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: "யூத மதம் சொல்கிறது" என்று தொடங்கும் வாக்கியத்தையே கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். யார், எந்த ஆண்டில், யாருடைய கேள்விக்கு, எந்த மூலத்தை வைத்துச் சொன்னார் என்று எழுதுங்கள். போப் மாதிரி ஒரே தலைமை இங்கே கிடையாது.

இந்தப் பிளவைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். தோற்றுப்போன கருத்துகளை ஏன் பதிவு செய்து வைக்கிறோம் என்று மிஷ்னாவே 'எதுயோத்' பகுதியில் கேட்டு, பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதைச் சரியென்று கண்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளட்டும் என்று பதில் சொல்கிறது. மாறுபட்ட தீர்ப்புகளை நாம் ஏன் அச்சிடுகிறோம் என்று வகுப்பில் சொல்லித்தரும் அதே காரணம். யூத மதத்துக்குள் இருக்கும் பிரிவுகளில் ஒன்றான அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு ஒருபடி மேலே போனது. 2006இல் அவர்களுடைய சட்டக் குழு ஒருபால் உறவு பற்றி ஒன்றுக்கொன்று எதிரான தீர்ப்புகளை ஒரே நாளில் ஏற்றது. எதைப் பின்பற்றுவது என்பதை அந்தந்த ஊர் ரபியிடம் விட்டுவிட்டது. ரிஃபார்ம் என்ற சீர்திருத்தப் பிரிவிலோ ரபியின் பதில் கட்டாயமே இல்லை, வழிகாட்டுதல்தான். ஆர்த்தடாக்ஸ் என்ற பழமை வழுவாத பிரிவில் இந்த இரண்டையுமே சட்டமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் தேடிப் படிக்கும் கட்டுரை எந்தப் பிரிவுக்காரர் எழுதியது என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

வரலாற்றைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ரபிகளுக்கு எழுதிய கேள்விகளும் அவர்கள் பதில்களும் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்து கிடக்கின்றன. வரலாறு அங்கேயே இருக்கிறது. லிதுவேனியாவின் கோவ்னோ கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதியில், நாஜிகளிடம் சிக்கியிருந்த மக்கள் எஃப்ராயிம் ஓஷ்ரி என்ற இளம் ரபியிடம் கேள்வி கேட்டார்கள். அவர் கிடைத்த காகிதத் துண்டுகளில் எழுதி மண்ணில் புதைத்து வைத்து, போருக்குப் பிறகு எடுத்து வெளியிட்டார். அதில் ஒரு கேள்வி: தினமும் காலையில் "என்னை அடிமையாகப் படைக்காதவரே" என்று கடவுளைத் துதிக்கிறோமே, இந்த நிலைமையில் அதைச் சொல்வது பொய்யாகாதா? சொல்லத்தான் வேண்டும், உடலைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் பதிலின் சாரம்.

நம் பக்கத்துக் கரையிலிருந்தும் ஒரு கேள்வி போயிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களில் தங்களைத் தூய வம்சம் என்று சொல்லிக்கொண்ட ஒரு பிரிவு, மற்றவர்கள் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று பெண் கொடுக்க, எடுக்க மறுத்தது. வழக்கு எகிப்தில் இருந்த தாவீத் இப்ன் ஸிம்ராவிடம் போனது. சடங்கு முழுக்குப் போட்டுவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், மணம் செய்யத் தடையில்லை என்று அவர் எழுதினார். அவருடைய மாணவரும் அதையே சொன்னார். கொச்சியில் யாரும் கேட்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் சத்தியாகிரகம் செய்துதான் சம இடம் கேட்க வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருப்பதை வைத்து மக்கள் அப்படியே வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இதுதான்.

அறக் கேள்விகள் என்றால் மருத்துவம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மிக வலிக்கும் இடம் விவாகரத்து. தோராவின் ஐந்தாம் ஆகமமான உபாகமம் 24இன்படி விவாகரத்துச் சீட்டைக் கணவன்தான் கொடுக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டு வாக்கில் ரபி கெர்ஷோம் பெயரால் வந்த ஆணை, மனைவியின் சம்மதமின்றி விலக்குவதைத் தடுத்தது. ஆனால் கணவன் கொடுக்க மறுத்தால் மனைவி கட்டுண்டு கிடக்கிறாள், அகுனா என்பார்கள். இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் 1953 சட்டத்தால் ரபி நீதிமன்றங்களின் கையில் இருப்பதால் சிவில் விவாகரத்து என்ற மாற்றுக் கதவும் இல்லை. 1995இல் வந்த சட்டம் மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் கை வைக்கவும் சிறைக்கு அனுப்பவும் இடம் கொடுத்தது. அமெரிக்காவில் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். கணவன் காணாமல்போன வழக்குகளில் இறந்தான் என்று நிறுவ ஒரே ஒரு சாட்சி போதும், அதுவும் பெண்ணாக இருக்கலாம் என்று மிஷ்னா காலத்திலேயே சட்டத்தை வளைத்தவர்கள், உயிரோடு இருந்து பழிவாங்கும் கணவன் விஷயத்தில் ஏன் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை என்று யூதப் பெண்ணியவாதிகள் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் பக்கம் வாதம் வலுவானது. "சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய" என்ற பதில், வென்டிலேட்டருக்கு டைமர் கண்டுபிடித்த ஒரு மரபின் வாயில் பொருந்தவில்லை.

சரி, எதில் தொடங்குவது? தல்மூதை முதல் தாளிலிருந்து தொடங்காதீர்கள். நாளுக்கு ஒரு தாள் என்று 2,711 தாள்களைப் படிக்கும் வழக்கம் 1923இலிருந்து இருக்கிறது. ஏழரை ஆண்டு பிடிக்கும், உங்களிடம் ஒரு பருவம்தான் இருக்கிறது. மிஷ்னாவில் 'பாவா மெட்ஸியா' முதல் இரண்டு அத்தியாயங்களை எடுங்கள். யூத மாணவர்கள் பலர் தல்மூதுக்குள் நுழைவதும் அதன் இரண்டாம் அத்தியாயம் வழியாகத்தான், கண்டெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பகுதி. முதல் அத்தியாயம் இப்படித் தொடங்கும்: இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவரும் "முழுவதும் என்னுடையது" என்றால் சத்தியம் செய்து ஆளுக்குப் பாதி. ஒருவன் முழுவதும், இன்னொருவன் பாதி என்று கேட்டால் முதல்வனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால். ஏன் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று பிரிக்கவில்லை? பாதி யாருடையது என்பதில் தகராறே இல்லை. தகராறு மிச்சப் பாதியில்தான், அதைத்தான் பங்கிடுகிறார்கள். அடுத்து இருவரும் ஏன் சத்தியம் செய்ய வேண்டும், ஒருவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தே சத்தியம் செய்ய விடலாமா என்று தல்மூத் தோண்ட ஆரம்பிக்கும். தனியாகப் படிக்காதீர்கள், கூட ஒரு நண்பரை உட்காரவைத்துச் சத்தமாகச் சண்டை போட்டுப் படியுங்கள். அவர்கள் ஹவ்ரூதா என்று இரண்டிரண்டு பேராகப் படிப்பது அப்படித்தான். யேஷிவா என்ற அவர்கள் மதக் கல்விக்கூடத்தின் படிப்பறை நம் நூலகம் மாதிரி இருக்காது, சந்தை இரைச்சலாக இருக்கும்.

எபிரேயம் கட்டாயமில்லை. செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் மூலமும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கம் இலவசமாக இருக்கின்றன. ஸ்டெய்ன்சால்ட்ஸ் என்ற ரபியின் தல்மூத் மொழிபெயர்ப்பை 2017இலிருந்து அங்கே திறந்துவிட்டார்கள். எழுத்துகளையாவது கற்றுக்கொண்டால் மேற்கோளைச் சரிபார்க்க முடியும். யூதரல்லாதவர் படிக்கலாமா என்று தயங்கியிருந்தீர்கள். தல்மூதின் 'சன்ஹெத்ரின்' 59ஆம் தாளில், தோராவில் ஈடுபடும் வேற்றினத்தான் மரணத்துக்குரியவன் என்று ஒரு ரபி சொல்வதாக இருக்கிறது. அதே தாளில், தோராவில் ஈடுபடும் வேற்றினத்தானும் தலைமை ஆசாரியனுக்குச் சமம் என்று ரபி மெயிர் சொல்வதாகவும் இருக்கிறது. முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து யூத வெறுப்பைப் பரப்புகிற பக்கங்கள் ஏராளம். இரண்டாவதை மட்டும் காட்டி எல்லாம் சுமுகம் என்கிற புத்தகங்களும் உண்டு. இரண்டையும் நம்பாமல் தாளை முழுக்கத் திறந்து படியுங்கள். இப்படியான வாசிப்புக்கு வாசல் திறந்தே இருக்கிறது.

கடைசியாக, இஸ்ரேல் நாட்டின் சட்டமும் யூத சட்டமும் ஒன்றல்ல என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார். திருமணம், விவாகரத்து தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் நாடாளுமன்றச் சட்டம்தான். சட்டத்தில் இடைவெளி வந்தால் இஸ்ரேல் மரபின் சுதந்திரம், நீதி, நேர்மை, அமைதிக் கொள்கைகளைப் பார்க்கச் சொல்லும் 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அதில் மரபின் பக்கம் நின்ற நீதிபதி மெனாஹெம் எலோன் யூத சட்டத்தின் வரலாறு, மூலங்கள், கொள்கைகள் பற்றி எழுதிய பெரிய நூல் ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். பொருளடக்கத்தில் கேள்வி-பதில் இலக்கியம் பற்றிய அத்தியாயத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு முன் செஃபாரியாவில் 'யோரே தேயா' 339இன் முதல் பத்தியை இஸர்லெஸ் குறிப்போடு வாசித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.